உம் கொட்டுதல்

தாம்பெரே. நவம்பர்.
மூன்றரை மணிக்கே இருட்டிவிட்டது.
பழைய பஞ்சாலையின் நான்காம் மாடியில்
இல்லாத ஒரு சக்கரத்தைத்
திருகிக்கொண்டு நிற்கிறாள் ஒர்வோக்கி.

காகித ஆலையில் நீராவிக் குழாய்களோடு
பதினொரு வருடம் பழகிய கைகள்.
இப்போது அவை காற்றில் வட்டம் போடுகின்றன.
கண்ணாடிக்குள்ளே சிவப்பு வால்வு
வெண்ணெய்போல் சுழல்கிறது.

"எப்படி இருக்கிறது?"
"சுற்றுகிறது" என்கிறாள்.
கொஞ்ச நேரம் கழித்து,
"ஆனால் வாயே திறக்கவில்லை."

கண்ணுக்கு எட்டியது கைக்கு எட்டவில்லை.
இந்தத் தொழிலின் பிணியே அதுதான்.

முதல் வாரம் ஓசை வைத்தோம்.
கால் சுற்றுக்கு ஒரு "டொக்".
நிஜ வால்வுக்கு ஒலிவாங்கியைக் கட்டி
வெர்னேரி ஒருநாள் முழுக்கப் பதிவுசெய்த டொக்.
கை நகர்ந்து தொண்ணூறு மில்லிநொடி கழித்து அது வந்தது.
இமைப்பதற்குள் என்பீர்கள்.
இமைப்பதற்குள்தான்.
ஆனாலும் ஜோக் புரியாமல்
பக்கத்து ஆளைப் பார்த்துச் சிரிப்பவனை
அந்த இமைப்பிலேயே கண்டுபிடித்துவிடுகிறோம் இல்லையா?

இரண்டாம் வாரம் கைப்பிடியில் அதிர்வு.
போன் அடிக்கிறதென்று
பாதியில் நிறுத்திக்
கோட்டுப்பையைத் துழாவினார் ஒருவர்.

மூன்றாம் வாரம் பயந்துபோய்
எல்லாவற்றையும் வைத்தோம்.
ஒளிவட்டம், அம்புக்குறி, பச்சைச் சரிக்குறி, மணியோசை,
"அருமை!" என்று ஒரு பெண்குரல்.
ஒர்வோக்கி கண்ணாடியைக் கழற்றினாள்.
"என் கல்யாணத்தில்கூட
இவ்வளவு பாராட்டு கிடைக்கவில்லை.
நான் மூடியது ஒரு வால்வு."

அன்றிரவு டிராமில்
எனக்கு முன்னால் இரண்டு பெண்கள்.
ஒருத்தி தன் மாமியாரின் படகு விற்ற கதையைச்
சொல்லிக்கொண்டே வருகிறாள்.
மற்றவள் ஜன்னலைப் பார்த்தபடி
உம் கொட்டுகிறாள்.
"யோ" என்று,
மூச்சை உள்ளே இழுத்து.
இந்த ஊரில் அப்படித்தான்,
உம்மைக்கூட வெளியே விடமாட்டார்கள்.

நாலைந்து வாக்கியத்துக்கு ஒரு யோ.
சின்னது. யாருக்கும் கேட்காதது.
சொல்பவளுக்கே
கேட்கிறதா என்று தெரியவில்லை.
ஒரு நிறுத்தத்தில் அது வரவில்லை.
படகு நடுஏரியில் நின்றுவிட்டது.
"கேட்கிறாயா?"

பதில் இல்லை அது,
பாராட்டும் இல்லை.
இருக்கிறேன் என்பது.
மேலே சொல் என்பது.

மறுநாள் மணியைக் கழற்றினோம்.
சரிக்குறியைக் கழற்றினோம்.
அருமை என்ற பெண்ணை வீட்டுக்கு அனுப்பினோம்.
ஒன்றே ஒன்று செய்தோம்.
கண்ணாடிக்குள் தெரிகிற கையை
நிஜக் கைக்கு
ஒரு விரற்கடை பின்தங்க வைத்தோம்.
திருகத் திருகத் தயக்கம் கூடும்.
கடைசிக் கால் சுற்றில்
கை போய்விடும்,
கையின் படம் போகாது.
எங்கோ பின்னால் நீராவியின் இரைச்சல்
ஒரு படி இறங்கும்.

வெள்ளிக்கிழமை ஒர்வோக்கி வந்தாள்.
பனிக்காலணியைக் கழற்றி
காலுறையோடு நின்றாள்.
ஒரு சுற்று. இரண்டு.
மூன்றாவதில் இடதுகால் தானாகப் பின்னால் போய் ஊன்றியது.
தோள் இறங்கியது. பல்லைக் கடித்தாள்.
எதிரே வெறும் காற்று.
நான் பார்த்தேன், வெர்னேரி பார்த்தான்,
காற்று அவளை எதிர்த்துத் தள்ளியது.

இரைச்சல் அடங்கியது.
"யோ" என்றாள்,
மூச்சை உள்ளே இழுத்து.
எங்களிடம் அல்ல, வால்விடம்.

"எப்படி இருந்தது?"
"எது எப்படி இருந்தது?"

படிவத்தில் ஏழுக்கு ஐந்து போட்டாள்.
ஏன் ஐந்து என்றான் வெர்னேரி, முகம் வாடி.
"சூடு இல்லையே" என்றாள்.
குனிந்து காலணிகளை எடுப்பதற்கு முன்
வலது உள்ளங்கையைக்
கால்சட்டையில் துடைத்துக்கொண்டாள்,
இரண்டு தரம், அழுத்தி.

எழுத வேண்டும் போலிருந்தது.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.